எங்கள் ரோட்டில் ஓடும் உங்கள் குப்பை டிரக்டர்

பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைக் கடந்த டிசம்பரில் நிறைவேற்றிவிட்டீர்கள். அதில் நுவரெலியா மாவட்டத்திலிருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ரோடு இல்லை, வீதி விளக்கு இல்லை, கான் (வடிகால்) இல்லை, குப்பை எடுக்க ஏற்பாடு இல்லை. தோட்டத்தின் பெயராவது எங்கேயாவது இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். ஒரே ஓர் இடத்தில் இருந்தது. டவுன் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும் இடத்தின் பராமரிப்புச் செலவில்.

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். நான் இந்தத் தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. அம்மா முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர். சாவு வீட்டுச் செலவுக்குக் காசு சேர்க்கும் எங்கள் மரணாதார சங்கத்தின் செயலாளர் வேலையையும் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். கட்சிப் பதவி எதுவும் எனக்குக் கிடையாது.

காலை ஒன்பது மணிக்குள் சபையின் டிரக்டர் எங்கள் முன்பள்ளியைத் தாண்டிப் போகும். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி "சபை வண்டி, சபை வண்டி" என்று கத்துவார்கள். பெட்டியில் சபையின் பெயர் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டத் தொடங்கிய பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம்தான். வண்டி மேல் கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, கடந்து, பழைய தேயிலைத் தவறணைக்கு (நாற்றுமேடைக்கு) பக்கத்துப் பள்ளத்தில் குப்பையைக் கொட்டிவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பும். திரும்பும்போதும் எங்கள் வாசல் வழியாகத்தான். ஆனால் நிற்காது. லயத்துக் குப்பையை ஏற்றுவது அதன் வேலை இல்லையாம். அதை நாங்கள் லயத்துக்குப் பின்னால் எரிக்கிறோம், மழை நாளில் கானுக்குள் தள்ளுகிறோம். அது பிழை என்று எங்களுக்கும் தெரியும். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மழை பெய்தால் அந்தப் பள்ளத்துக் கழிவு நீர் ஓடையில் இறங்குகிறது. ஓடைக்குக் கீழேதான் பணியக் கணக்கு (கீழ்ப் பிரிவு) ஆட்கள் தண்ணீர் எடுக்கும் பீலி. டவுனில் யாரோ வெட்டிய கோழியின் இறகு பீலிக்கரையில் ஒதுங்கிக் கிடந்ததை நானே எடுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் ரோடு. தினமும் குப்பை ஏற்றிய வண்டி ஏறி இறங்கினால் கல் ரோடு எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? கோயில் வளைவில் ஒரு பக்கம் முழுவதும் உடைந்து சரிந்துவிட்டது. ஆட்டோக்காரர்கள் அந்த வளைவோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேலே சுகயீனக்காரர் இருந்தால் கம்பளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். சபையில் கேட்டோம். "அது தோட்டத்து ரோடு, கம்பெனிக்குரியது. சபைப் பணத்தை அங்கே போட முடியாது" என்றார்கள். தோட்டத்துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) போனோம். "ரோட்டை உடைப்பது சபை வண்டி. சபையைக் கேளுங்கள்" என்றார். கடைசியில் மரணாதார சங்கத்தில் மிஞ்சியிருந்த காசை எடுத்து, ஞாயிற்றுக்கிழமையில் ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து கல் அடுக்கினோம். செத்தவர்களைப் புதைக்கச் சேர்த்த காசில் உங்கள் டிரக்டருக்கு ரோடு போட்டுக் கொடுத்திருக்கிறோம், தவிசாளர் அவர்களே. அடுத்த நாள் காலையில் முதலில் அதன்மேல் ஏறியதும் உங்கள் டிரக்டர்தான்.

குப்பை கொட்டும்போது அது சபையின் ரோடு, திருத்தக் கேட்கும்போது கம்பெனியின் ரோடு. இதில் எது உண்மை?

"சட்டத்தில் இடமில்லை" என்று உங்கள் காரியாலயத்தில் எனக்குச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தை நானும் படித்தேன். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிட முடியாதபடி கையைக் கட்டித்தான் வைத்திருந்தது. முப்பது வருடம் அந்தப் பிரிவைக் காட்டியே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த சபைக்கு நாங்கள் குடியிருக்கும் இடத்தில் ஒரு மின்குமிழ் மாட்ட அதிகாரம் இல்லை என்பது எவ்வளவு விசித்திரமான சட்டம் என்று யோசித்துப் பாருங்கள். சரி, அது பழைய கதை. 2018இல் பாராளுமன்றம் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தைக் கொண்டுவந்து அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டது. எட்டு வருடமாகிறது. சட்டப் புத்தகத்தில் மாறிவிட்ட பழைய 33ஆம் பிரிவு உங்கள் காரியாலயத்து மேசையில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

"கம்பெனிக்குரிய இடம்" என்பதும் சரியான பேச்சல்ல. காணிச் சீர்திருத்தத்தில் 1972இலும் 1975இலும் அரசு கையேற்ற காணிகள் இவை. 1992க்குப் பிறகு கம்பெனிகளிடம் போனது குத்தகைக்குத்தான். காணி இன்னமும் அரசாங்கத்துடையது. தனியார் காணி, கால் வைக்க முடியாது என்றால் குப்பை கொட்ட மட்டும் எப்படிக் கால் வைத்தீர்கள்?

இந்த விஷயத்தில் எனக்கு வரும் கோபம் ரோட்டோடு நிற்காது. என் அம்மாயி (அம்மாவின் அம்மா) இந்தத் தோட்டத்தில் பிறந்தவர். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானார். 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கள் இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்வது என்று பிரித்தார்கள். அம்மாயியின் தங்கை தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்தான், பிறகு இருவரும் பார்க்கவே இல்லை. "நம்மள வச்சு பாகம் பிரிச்சாங்க, நம்மகிட்ட யாரும் கேக்கல" என்று அம்மாயி சொல்வார். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான் அவர் கைக்கு ஒரு குடியுரிமைக் காகிதம் கிடைத்தது. அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். யார் வந்து கேட்டாலும் காட்டத் தயாராக.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தீர்மானித்தவர்கள் கொழும்பிலும் டில்லியிலும் இருந்தார்கள். இப்போது டவுனில் இருக்கிறார்கள், கூடிப்போனால் ஐந்து கிலோமீட்டர். உங்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள், எங்களோடு ஒரே பாடசாலையில் படித்தவர்கள். வெளியாரிடம் கெஞ்சுவதைவிட நம்மவரிடம் கேட்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

எண்ணுவதற்கு மட்டும் நாங்கள் எப்போதும் உண்டு. 2018க்கு முன் எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் ஐந்து பிரதேச சபைகள். அவற்றில் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டில் ஒவ்வொன்றிலும் இரண்டு லட்சம் பேருக்கு மேல். இது அநியாயம் என்று சண்டை போட்டு, அந்த இரண்டையும் ஆறாக்கினோம். மாவட்டத்தில் இன்று ஒன்பது பிரதேச சபைகள். அந்தச் சண்டையில் காட்டப்பட்ட தலைகள் லயத்தில் இருக்கும் எங்கள் தலைகள். சபை வந்தது, கட்டடம் வந்தது, தவிசாளருக்கு வாகனம் வந்தது.

பிறகு தேர்தலே இல்லாமல் இரண்டு வருடம். 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போனது. அது உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் அடுத்த வருடம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6இல் வாக்களித்தோம். காலை ஏழு மணிக்கே எங்கள் பெண்கள் வரிசையில் நின்றார்கள், அதற்குப் பிறகுதான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனார்கள். எனவே இது புதிய சபையின் முதல் வரவு செலவுத் திட்டம். அதனால்தான் நம்பிக்கையோடு அந்தக் கூட்டத்துக்கு வந்தேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "வரவு செலவுத் திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம்" என்று ஒக்டோபரில் அறிவித்தீர்கள். அறிவித்தல் சபைக் காரியாலயத்துப் பலகையில் ஒட்டியிருந்தது, ஃபேஸ்புக்கிலும் போட்டிருந்தீர்கள். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் பதியும் ஒரு பிரட்டுக்களத்திலும் இல்லை, ஒரு கோயில் சுவரிலும் இல்லை. நாள் செவ்வாய்க்கிழமை. நேரம் காலை பத்து மணி. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் எங்கே இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியாதா? அவள் அந்தக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைக்குப் பேர் (வேலைப் பதிவு) இல்லை. அப்போதைய நாட்சம்பளம் 1,350 ரூபாய் போயிருக்கும், போக்குவரத்துக் காசு வேறு. சபைக்கு யோசனை சொல்ல ஒரு நாள் சம்பளத்தைக் கட்ட வேண்டும் என்றால் யார் வருவார்?

நான் முன்பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். மண்டபத்தில் நாற்பது பேர் அளவில் இருந்தோம். வர்த்தக சங்கத்தார், ஆட்டோ சங்கத்தார், டவுன் வீட்டுக்காரர்கள், ஓய்வுபெற்ற இரண்டு அதிபர்கள். அவர்கள் கேட்டதில் எந்தப் பிழையும் இல்லை. பஸ் நிலையத்துக்கு மலசலகூடம் வேண்டும் என்றார்கள், எங்களுக்கும்தான் வேண்டும். ஆனால் தோட்டங்களிலிருந்து வந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் கூடுதல். வாசலில் ஒரு படிவம் தந்தார்கள். பெயர், முகவரி, சோலை வரி (வீடு, காணிக்குச் சபை வாங்கும் வரி) இலக்கம். லயத்து வீட்டுக்கு ஏது சோலை வரி இலக்கம்? முகவரியும் எங்களுக்கு ஒன்றுதான். முந்நூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர் ஒன்றே முகவரி. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். "பூரணமில்லாத படிவம்" என்று திருப்பித் தந்தார் அங்கிருந்த தம்பி. அவர் மேல் கோபமில்லை, படிவத்தை அவர் அச்சடிக்கவில்லை.

நான் எழுந்து ரோட்டைப் பற்றியும் குப்பையைப் பற்றியும் பேசினேன். வழக்கமான பதில்தான் வந்தது. அது எனக்குப் பழகிப்போனது. உறுப்பினர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது மட்டும் மறக்கவில்லை. "தோட்டத்து ஆக்களுக்கு பட்ஜெட் எங்க வெளங்கப் போகுது, தலைவர்மார் சொன்னா போதும்." மெதுவாகத்தான் சொன்னார். மைக் அணைத்திருக்கவில்லை.

அந்த உறுப்பினர் ஒரு தடவை எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாக் கணக்கு வாசிக்கும் இரவுக்கு வர வேண்டும். திருவிழா முடிந்து அடுத்த ஞாயிறு, கோயில் முன்னால் பாய் விரித்து உட்காருவோம். வரி எவ்வளவு, உபயம் எவ்வளவு, யார் பாக்கி, ஒவ்வொரு செலவாக வாசிக்க வேண்டும். போன வருடம் ஜெனரேட்டர் வாடகையில் வந்த சண்டை நடுராத்திரி தாண்டியது. கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா எழுந்து நின்று, "கரகத்துக்குப் பூ வாங்கினது யாரு? பில்லு எங்க?" என்று கேட்டார். பில் வரும்வரை தலைவர் அடுத்த வரிக்குப் போகவில்லை. உங்கள் சபையில் ஒரு செலவுக்கு இப்படிப் பில் கேட்டவர் யாராவது இருக்கிறாரா? வரவு எது, செலவு எது, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்பதெல்லாம் மாதச் சம்பளத்தில் சந்தாவும் கடனும் பிடித்த மிச்சத்தில் குடும்பம் நடத்தும் பெண்ணுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பட்ஜெட் எங்களுக்கு விளங்கும். எங்களுக்குக் காட்டத்தான் மாட்டேன் என்கிறீர்கள்.

இன்னொரு பேச்சும் அன்று வந்தது. தோட்டத்தார் சோலை வரி கட்டுவதில்லையாம், கட்டுகிறவர்களுக்குத்தான் முதல் உரிமையாம். சோலை வரி விதிக்க எங்கள் பெயரில் வீடும் காணியும் இருக்க வேண்டுமே? இருந்தால் கட்டமாட்டோமா? போகட்டும், சபை சோலை வரியில் மட்டுமா ஓடுகிறது? ஊழியர் சம்பளத்துக்கு அரசாங்கத்திலிருந்து பணம் வருகிறது. முத்திரை வரியும் நீதிமன்றக் குற்றப்பணமும் மாகாண சபை வழியாக வருகின்றன. அரசாங்கப் பணத்தில் எங்கள் பங்கு இல்லையா? நான் வாங்கும் சவர்க்காரக் கட்டியிலும் ஃபோன் ரீலோடிலும் 18 வீதம் வற் வரி இருக்கிறது. கடைக்காரர் என்னிடம் சோலை வரி இலக்கம் கேட்டதில்லை.

கூட்டத்துக்குப் பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போட்டேன். 2018இலிருந்து சபை நிதியில் தோட்டங்களுக்குள் செலவான தொகை எவ்வளவு, எந்தத் தோட்டத்துக்கு எவ்வளவு என்று. பதில் ஒழுங்காகத்தான் வந்தது, அதற்கு நன்றி. "கோரப்பட்ட விதத்தில் தகவல் பேணப்படவில்லை" என்று இருந்தது. உங்கள் நிர்வாகத்தில் எட்டு வருடமாக அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தவரே இல்லை. பணம் கொடுக்காததைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

பிறகு நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, மலையகத்தில் மண் சரிந்து போனவர்கள்தான் அதில் நிறையப் பேர். எங்கள் தோட்டத்தில் உயிர்ச்சேதம் இல்லை, மாரியம்மன் புண்ணியம். மேல் கணக்கில் இரண்டு லயங்களின் பின்சுவர் மண்ணோடு உள்ளே வந்தது. கோயில் வளைவு முழுதாகப் போய்விட்டது. மூன்று நாள் நாங்கள் தனித்தீவு. டவுனையும் பிரதான வீதியையும் முதலில் துப்புரவாக்கினீர்கள், அது சரிதான், நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் நாலாவது நாளும் ஐந்தாவது நாளும் யாரும் வரவில்லை. கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் பையன்கள் காசு அனுப்பினார்கள். இங்கே இருந்தவர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரர்களும் வந்து மண் அள்ளினார்கள், அவர்களுக்கும் அந்த ரோடுதான் குறுக்கு வழி. சேதப் பட்டியல் எடுத்தபோது அந்த வளைவு பட்டியலில் ஏறவில்லை. காரணம், அது சபையின் வீதிப் பதிவேட்டில் இல்லை. இடிந்த லயத்தைப் பார்க்க வந்த அதிகாரிகள் இனி இங்கே இருக்கக் கூடாது என்றார்கள். எங்கே இருக்கலாம் என்று சொல்ல யாரும் வரவில்லை.

இந்தப் புயல் வந்துபோன சில நாட்களில்தான் நீங்கள் வரவு செலவுத் திட்டத்தை வாக்கெடுப்புக்கு விட்டீர்கள்.

குறை உங்களிடம் மட்டும் இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. எங்களுக்குள்ளும் இருக்கிறது. தோட்டத்தின் தேவை என்ன என்று யார் கேட்டாலும் தொழிற்சங்கத் தலைவரோ துரையோதான் பதில் சொல்கிறார். தலைவரின் லயத்துக்கு முன்னால் கொங்கிரீட் இருக்கும். கடைசி லயத்தில், மற்றவர்கள் தண்ணீர் எடுத்த பிறகுதான் பீலிக்குப் போக வேண்டியிருந்த குடும்பங்களின் பக்கம் எந்தத் திட்டமும் போய்ச் சேருவதில்லை. சாதி இங்கே இல்லை என்று மேடையில் பேசுவோம், பீலிக்கரையில் அது இருக்கும். பேர் பதிவில்லாத முதியவர்கள், தோட்டத்தில் குடியிருந்து வெளியே வேலைக்குப் போகிறவர்கள், கால் இழுத்து நடக்கும் எங்கள் தபால்கார அண்ணன், இவர்களெல்லாம் தலைவரின் பட்டியலில் வரவே மாட்டார்கள். சபையிலும் இதே கதைதான். 25 வீதம் பெண்கள் என்று சட்டம் வந்ததால் 2018இலிருந்து பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூட்டத்தில் அவர்களைப் பேச விட்டதை அன்று நான் காணவில்லை. ஆகவே "தலைவர்மாரைக் கேட்டோம்" என்பது எங்களைக் கேட்டதாகாது.

நடக்காத ஒன்றை நான் கேட்கவில்லை. பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இலேயே மக்களை வைத்துப் பட்ஜெட் போடத் தொடங்கியது. ஒரு பகுதியில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அங்கே வசதி எவ்வளவு குறைவு என்று புள்ளி போட்டு, இல்லாத இடத்துக்குக் கூடுதலாக ஒதுக்கினார்கள். பக்கத்தில் கேரளாவில் 1996இல் மக்கள் திட்டம் வந்தபோது மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 வீதம்வரை உள்ளூர் சபைகளிடம் கொடுத்து, கிராம சபையில் பேசி வேலைகளைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். எல்லாம் அங்கே ஒழுங்காக நடந்தது என்று சொல்லமாட்டேன். பாய் விரித்துக் கேட்டார்கள், அவ்வளவுதான்.

சரி, நாங்கள் கேட்பது இவை.

33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டது, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடலாம் என்பதை அடுத்த மாதக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். எழுதிய தீர்மானத்தின் பிரதியைக் காரியாலயத்தில் பதில் சொல்லும் ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். இனி ஒரு பெண் வந்து கேட்டால் "சட்டத்தில் இடமில்லை" என்ற சொல் வரக் கூடாது. வேறு சட்டத் தடை இருந்தால் அது எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுத்தில் தாருங்கள்.

குப்பைக்கு இந்த வருட முடிவுவரை காத்திருக்க முடியாது. பள்ளத்தில் கொட்டுவதை நிறுத்த எப்போது வேறு இடம் பார்ப்பீர்கள் என்று ஒரு தேதி சொல்லுங்கள். அதுவரை பீலிக்கு மேலே கழிவு நீர் இறங்காமல் தடுப்புப் போடுங்கள். டிரக்டர் வெறும் பெட்டியோடு திரும்பும் வழியில் கிழமைக்கு இரண்டு நாள் லயங்களில் நின்று குப்பையை ஏற்றட்டும். இதற்குப் புதிய வண்டியும் வேண்டாம், புதிய சாரதியும் வேண்டாம். கோயில் வளைவைத் திருத்தும் செலவை இந்த வருடத்துக்கே குறைநிரப்பு மதிப்பீட்டில் சேருங்கள். நீங்கள் தினமும் பாவிக்கும் ரோடு அது.

சபை எல்லைக்குள் இருக்கும் எல்லாத் தோட்ட ரோடுகளையும் நடந்து பார்த்துப் பட்டியல் எடுங்கள். குடியிருப்புகளுக்குப் போகும் ரோடுகளை முறைப்படி அறிவித்து வீதிப் பதிவேட்டில் ஏற்றுங்கள். பதிவேட்டில் இல்லாத ரோடு அடுத்த மண் சரிவிலும் எந்தப் பட்டியலிலும் வராது.

2027ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கான கூட்டங்களை ஓகஸ்ட்டிலேயே தொடங்குங்கள். ஒவ்வொரு கணக்கிலும் ஒரு கூட்டம், பிரட்டுக்களத்திலோ பாடசாலையிலோ, ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில். ஒரு கிழமைக்கு முன்னால் தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தல் ஒட்டுங்கள், வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கோயில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். பெண்கள் மட்டும் பேசும் ஒரு நேரம் அதில் இருக்க வேண்டும். கேட்டதில் எது சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் என்பதை அதே இடத்துக்கு மறுபடி வந்து சொல்லுங்கள். படிவத்தில் சோலை வரி இலக்கம் என்ற கட்டத்தை எடுத்துவிடுங்கள், அடையாள அட்டை இலக்கம் போதும்.

சபையின் குழுக்களில் உறுப்பினரல்லாத வதிவாளர்களையும் சேர்க்கப் பிரதேச சபைகள் சட்டமே இடம் தருகிறது. நிதிக் குழுவிலும் சுகாதாரக் குழுவிலும் தோட்டக் குடியிருப்பாளர்களைச் சேருங்கள். பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும். துரையோ சங்கமோ பெயர் கொடுக்க வேண்டாம், அந்தக் கூட்டங்களிலேயே கை தூக்கித் தெரிவு செய்கிறோம். கூட்டத்துக்கு வரும் நாளுக்கு அவர்களின் நாட்சம்பளத்தைச் சபை கொடுக்க வேண்டும். உறுப்பினர்களுக்குக் கொடுப்பனவு இருக்கிறதல்லவா?

தோட்டங்களுக்குள் செலவாகும் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கோயில் பலகையில் ஒட்டுங்கள். அம்மா பில் கேட்பார், அதற்கும் ஆயத்தமாக வாருங்கள்.

இந்த மடலில் எங்கள் தோட்டத்து 214 பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருக்கிறார்கள், மூலப் பிரதியைச் சபைச் செயலாளரிடம் பதிவு செய்து கொடுத்துவிட்டேன். எழுத்துமூலப் பதிலை இந்த மாத முடிவுக்குள் எதிர்பார்க்கிறோம். பதிலைத் தோட்டக் காரியாலயத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டாம், அங்கே வரும் கடிதம் எங்கள் கைக்கு வர இரண்டு கிழமையாகும், சில நேரம் வராது. காலையில் வரும் உங்கள் டிரக்டர் சாரதியிடம் கொடுத்துவிடுங்கள். முன்பள்ளி வாசலில் நின்று வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை
(மரணாதார சங்க அங்கத்தவர்கள் சார்பாகவும்)